எந்நாளும் என் உதடு: கப்ரேராவின் ஊர்களில் ஏழு நாள்

முதல் நாள்: பெனிசா

அலிகாந்தேயில் கடலை ஒட்டிப் போகும் குறுகிய பாதை ரயிலில் ஏறி, பெனிதோர்மில் வண்டி மாறி, பெனிசா வந்து சேர்ந்தோம். நானும் மகளும். அவள் வலென்சியாவில் படிக்கிறாள். இந்தப் பயணத்தைத் தொடங்கி வைத்தவளும் அவள்தான்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினாள். "அப்பா, இங்க சர்ச்ல நம்ம 'தூய தூய தூயா' பாட்டை ஸ்பானிஷ்ல பாடறாங்க. ராகம் அப்படியே இருக்கு." பாட்டுப் புத்தகத்தின் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினாள். பாட்டுக்குக் கீழே சின்ன எழுத்தில் இரண்டு பெயர்கள். ஒன்று ரெஜினால்ட் ஹீபர், இன்னொன்று ஹுவான் பவுதீஸ்தா கப்ரேரா.

முதல் பெயரைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் திருச்சிக்காரன். சின்ன வயதில் தூய யோவான் ஆலயத்துப் பாடகர் குழுவில் நின்று பாடியவன். கல்கத்தா பேராயர் ஹீபரின் கல்லறை அந்த ஆலயத்துக்குள்ளேயே இருக்கிறது. 1826 ஏப்ரல் 3 காலையில் கோட்டை ஆலயத்தில் தமிழ்ச் சபையாருக்குத் திடப்படுத்தல் ஆராதனை நடத்திவிட்டுத் திரும்பிய ஹீபர், குளிக்கப் போன இடத்தில் இறந்துபோனார். வயது 42. அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் தஞ்சாவூரில் ஈஸ்டர் ஆராதனையின் ஆசீர்வாதத்தைத் தமிழிலேயே சொல்லியிருந்தார். அந்த மனிதரின் பாட்டை ஸ்பானிஷுக்குக் கொண்டுபோனவர் யார் என்று தேட ஆரம்பித்தேன். தேடத் தேட, கப்ரேரா ஹீபரைவிட எனக்கு நெருங்கியவராகிவிட்டார். அவர் வாழ்ந்த ஊர்களை வரிசையாகப் பார்த்துவிட வேண்டும் என்று ஓய்வு பெற்ற பணத்தில் ஒரு பகுதியை எடுத்து வைத்தேன்.

கப்ரேரா பிறந்தது இந்தப் பெனிசாவில், 1837 ஏப்ரல் 23. ஊரின் நடுவே இரட்டைக் கோபுரத்தோடு பெரிய தேவாலயம் நிற்கிறது. ஆனால் அது இருபதாம் நூற்றாண்டில் எழுந்தது. அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த காலத்தில் ஊருக்குக் கோட்டை மாதிரி மதில் வைத்த பழைய தேவாலயம் ஒன்று இருந்ததாம். உள்நாட்டுப் போருக்குப் பிறகு அதை இடித்துவிட்டார்கள். பழைய தெருக்கள் மட்டும் மிச்சம்: கல் நிலைகள், தெருவைப் பார்த்துப் பிதுங்கிய இரும்புக் கம்பி ஜன்னல்கள். ஊருக்கு வெளியே வரிசையாக வளைவுகள் வைத்த திறந்த கூடங்கள் தெரிந்தன. ரியுராவு என்கிறார்கள். மஸ்கட் திராட்சையைக் கிஸ்மிஸாகக் காயப்போடும்போது மழை வந்தால் தட்டுகளை உள்ளே இழுத்து வைக்கும் இடம். இந்தப் பக்கம் ஒரு காலத்தில் கிஸ்மிஸ் விற்றுப் பிழைத்த பூமி.

ரொட்டிக் கடையில் மகள் ஸ்பானிஷில் கேட்டாள், அந்த அம்மா வலென்சியானோவில் பதில் சொன்னார். ஊர்மொழி அதுதான். கப்ரேரா காதில் முதலில் விழுந்த மொழியும் அதுவாகத்தான் இருந்திருக்கும். அவர் பாட்டு எழுதியது காஸ்தீலிய ஸ்பானிஷில். தெருவில் பேசியது ஒன்று, எழுத்துக்கு எடுத்தது இன்னொன்று. கடைக்கார அம்மாவுக்கு அவரைத் தெரியவில்லை. "பாதிரியாரா?" என்று கேட்டார். "முதலில் பாதிரியார்" என்றாள் மகள். கத்திரிக்காயும் மிளகாயும் பரப்பிய கோக்கா இரண்டு வாங்கிக்கொண்டு ரயிலடிக்கு நடந்தோம்.

இரண்டாம் நாள்: வலென்சியா, பிறகு நாள் முழுக்க ரயில்

காலையில் கார்னிசேரோஸ் தெருவில் எஸ்கொலாப்பியர் பள்ளியைப் பார்த்தோம். அதன் தேவாலயத்துக் குவிமாடம் பிரமாண்டமானது, தெருதான் குறுகல். கப்ரேரா இந்தச் சபையில் சேர்ந்துதான் கத்தோலிக்கப் பாதிரியானார். ஏழைப் பிள்ளைகளுக்குச் சம்பளம் வாங்காமல் பாடம் சொல்ல வேண்டும் என்று ஹோஸே தே கலசான்ஸ் என்ற அரகோன்காரர் ரோமில் 1597-ல் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த சபை அது. கப்ரேராவுக்கு வாழ்நாள் முழுக்க வாத்தியார் புத்தி இருந்ததற்கு இது காரணம் என்று நான் நினைக்கிறேன். பாட்டு எழுதும்போதும் புரிய வேண்டும் என்பதில் குறியாக இருப்பார்.

அப்புறம் ரயில். மாட்ரிட் போய் மாறி, அந்தெக்கேரா, ரோந்தா வழியாக அல்ஹெசிராஸ். ரோந்தாவைத் தாண்டியதும் மலையைக் குடைந்து குடைந்து இறங்குகிறது பாதை. 1863-ல் கப்ரேரா தெற்கே ஓடிவந்தபோது இந்தப் பாதை கிடையாது. இது முடிந்ததே 1890-களில்தான். புராட்டஸ்டண்டாக மாறி, பாதிரி அங்கியைக் கழற்றிவிட்டு, பிடிபட்டால் சிறை என்று தெரிந்தே அவர் வந்த தூரத்தை நான் சாய்ந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு வந்தேன். இன்று எழுத இவ்வளவுதான். கால் வீங்கியிருக்கிறது.

மூன்றாம் நாள்: ஜிப்ரால்டர்

லா லீனெயாவில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பாறை கண்ணை நிறைக்கிறது. திருச்சிக்காரனுக்கு மலைக்கோட்டை ஞாபகம் வராமல் இருக்குமா? எல்லைச் சாவடியைத் தாண்டினால் விமான ஓடுபாதை. அதன் குறுக்கே ஜனங்கள் கைப்பையோடு நடந்து போகிறார்கள். நாங்களும் நடந்தோம்.

அந்தக் காலத்து ஸ்பெயினில் ஒருவன் பைபிளைக் கையில் வைத்துக்கொண்டு நாலு பேருக்கு வாசித்துக் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு மனுவேல் மத்தமோரோஸ் கதை போதும். 1860-ல் அவரைப் பார்சலோனாவில் பிடித்து கிரனாதா சிறையில் போட்டார்கள். அவருக்கும் தோழர்களுக்கும் கடுங்காவல் தண்டனை. ஐரோப்பா முழுவதிலிருந்தும் தூதுக்குழு வந்து மன்றாடிய பிறகு, 1863-ல் அதை நாடு கடத்தலாக மாற்றினார்கள். சிறையில் கெட்ட உடம்பு தேறவே இல்லை. 1866-ல் சுவிட்சர்லாந்தின் லோசானில் காலமானார். முப்பத்திரண்டு வயதுகூட நிரம்பவில்லை. மத்தமோரோஸை வெளியே அனுப்பிய அதே 1863-ல்தான் கப்ரேரா இந்தப் பாறைக்கு வந்து சேர்ந்தார்.

ஜிப்ரால்டர் பிரிட்டிஷ் மண். ஸ்பானிஷ் பேசும் ஊர். ஸ்பெயினின் சட்டம் எட்டாத, ஆனால் ஸ்பெயின் கண்ணுக்குத் தெரியும் ஒரே இடம். கப்ரேரா இங்கே பாடம் சொல்லிக்கொடுத்தும் மொழிபெயர்த்தும் பிழைத்தார். ஆங்கிலிக்கன் சபையின் 39 கொள்கைகளுக்கான பெரிய விளக்க நூல் ஒன்றை ஸ்பானிஷில் கொண்டுவந்தார். அவருக்கு முன்பே வில்லியம் ரூல் என்ற மெதடிஸ்ட் ஊழியர் இதே ஊரில் ஸ்பானிஷ் பாட்டுப் புத்தகம் அச்சிட்டிருந்தார். ஸ்பெயினுக்குள் அச்சடிக்க முடியாததெல்லாம் இந்தப் பாறையின் அடியில் அச்சாகியிருக்கிறது.

கதீட்ரலுக்குப் போனோம். பரிசுத்த திரித்துவக் கதீட்ரல். 1838-ல் பிரதிஷ்டை செய்தது. குதிரை லாட வடிவ வளைவுகள், வெள்ளைச் சுவர். ஒரு காலத்தில் ஸ்பெயினை ஆண்ட முஸ்லிம்களான மூர்களின் கட்டடக் கலையில் ஓர் ஆங்கிலேயக் கோயில். உள்ளே ஆள் இல்லை. மகள் பெஞ்சில் உட்கார்ந்து பாட்டை ஸ்பானிஷில் வாசித்தாள்.

"சாந்தோ, சாந்தோ, சாந்தோ, சென்யோர் ஒம்னிபொதெந்தே, சியெம்ப்ரே எல் லாபியோ மீயோ லோரெஸ் தெ தாரா."

"இரண்டாவது வரிக்கு அர்த்தம் சொல்லும்மா."

"எப்போதும் என் உதடு உமக்குத் துதி செலுத்தும்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஹீபர் எழுதியது அதுவல்ல. அவர் எழுதியது 'விடியற்காலையில் எங்கள் பாட்டு உம்மிடம் எழும்பும்' என்று. ஷ்ரொப்ஷயரில் ஹாட்னட் என்ற கிராமத்தில் ஆயராக இருந்தபோது திரித்துவ ஞாயிறுக்காக எழுதியது. கப்ரேரா விடியற்காலையை விட்டுவிட்டு உதட்டைக் கொண்டுவந்திருக்கிறார். 'எங்கள்' என்பதும் 'என்' ஆகிவிட்டது.

இன்னொன்றும் தோன்றியது. நம் தமிழ்ப் பாட்டுப் புத்தகமான பாமாலையிலும் விடியற்காலை இல்லையே! அங்கேயும் 'எந்நாளும்' என்றுதான் வருகிறது. ஸ்பானிஷ்காரர் 'சியெம்ப்ரே' என்றார், தமிழில் எழுதியவர் 'எந்நாளும்' என்றார். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர் ஒரே இடத்தில் ஒரே மாதிரி நகர்ந்திருக்கிறார்கள். ஐம்பது வருடமாகப் பாடுகிறேன், இதைக் கவனித்ததில்லை. ஆனால் உதடு ஸ்பானிஷில் மட்டும்தான் இருக்கிறது.

அந்த உதட்டை யோசித்துக்கொண்டே வெளியே வந்தேன். பேசியதற்காக ஊரைவிட்டு ஓடியவர் அல்லவா.

1868-ல் இந்த ஊரில்தான் ஸ்பானிய சீர்திருத்த சபையை ஒரு சின்னக் கூட்டமாகச் சேர்ந்து நிறுவினார்கள். அதற்குத் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 31.

நான்காம் நாள்: அல்ஹெசிராஸ்

காலையில் செவில்யாவுக்குப் போகும் பஸ்ஸைத் தவறவிட்டோம். நிறுத்தம் மாறியிருந்ததை எங்களுக்குச் சீட்டுக் கொடுத்தவர்கள் சொல்லவில்லை. அடுத்த வண்டிக்கு நாலு மணி நேரம். முதலில் எரிச்சல் வந்தாலும், பிளாஸா ஆல்த்தாவில் ஆரஞ்சு மரத்தடியில் உட்கார நேரம் கிடைத்தது என்று இப்போது சந்தோஷம்.

வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் நேற்று நின்ற பாறை தெரிகிறது. துறைமுகத்தில் தாஞ்சியருக்கும் சேயுத்தாவுக்கும் போகும் கப்பல்கள். 1868 செப்டம்பரில் இந்த வளைகுடா முழுக்கப் பரபரத்திருக்கும். தளபதி ஹுவான் ப்ரிம் லண்டனிலிருந்து வேலைக்காரன் வேஷத்தில் ஜிப்ரால்டர் வந்து, அங்கிருந்து காதிஸ் போய், கடற்படையோடு சேர்ந்து புரட்சியைத் தொடங்கினார். அந்த மாத முடிவில் ராணி இரண்டாம் இசபெல் பிரான்ஸுக்கு ஓடிவிட்டார்.

கப்ரேராவும் தோழர்களும் அல்ஹெசிராஸ் வந்து ப்ரிமைச் சந்தித்தார்கள் என்றும், 'இனி நீங்கள் பைபிளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்பெயினுக்குள் வரலாம்' என்று அவர் சொன்னார் என்றும் ஸ்பெயின் புராட்டஸ்டண்டுகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். ஐந்து வருடம் பாறை மேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்த மண். கடலைக் கடந்து வந்து, ஒரு ராணுவத்தானின் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டு, திரும்பிப் போய் மூட்டை கட்டியிருப்பார். ஆரஞ்சு மரத்தடியில் உட்கார்ந்து இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மகள் நெத்திலி வறுவல் வாங்கி வந்தாள். எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டோம். நம் ஊர் நெத்திலியேதான்.

1869 அரசியல் சட்டம் வழிபாட்டு உரிமையை எழுத்திலேயே தந்தது. ப்ரிம் அதிக நாள் இருக்கவில்லை. 1870 டிசம்பர் 27 இரவு மாட்ரிட்டில் துருக்கியன் தெருவில் அவருடைய வண்டியை மறித்துச் சுட்டார்கள். மூன்று நாள் கழித்து இறந்தார்.

ஐந்தாம் நாள்: செவில்யா

வெயில் கொளுத்துகிறது. மே மாதக் கடைசி, திருச்சி வெயிலுக்குச் சற்றும் குறைவில்லை. ஆனால் தெருக்களின் மேலே துணிப் பந்தல் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள், நடக்க முடிகிறது.

விடுதலை கிடைத்ததும் கப்ரேரா இங்கேதான் வந்தார். செவில்யாவின் மண்ணில் அதற்கு முன்னால் நடந்ததைத் தெரிந்துகொண்டால்தான் அவர் இங்கே வந்து நின்றதன் கனம் புரியும். அதனால் இன்று முக்கால்வாசி நேரம் அவருக்கு முந்நூறு வருடம் முந்தைய ஆட்களோடு கழிந்தது.

காலையில் சாந்திபோன்ஸேவுக்கு பஸ்ஸில் போனோம். ஊருக்கு வெளியே சான் இசிதோரோ தெல் காம்போ மடம். வெள்ளைச் சுவரும் செங்கல்லுமாக நிற்கிறது, இப்போது துறவிகள் இல்லை. 1550-களில் இங்கிருந்த துறவிகள் ரகசியமாக வந்த சீர்திருத்தப் புத்தகங்களைப் படித்தார்கள். அவற்றைக் கடத்தி வந்தவர்களில் ஒருவர் ஹூலியான் எர்னாந்தேஸ். உருவத்தில் சிறியவர் என்பதால் ஹூலியானில்யோ, அதாவது குட்டி ஹூலியான், என்று பெயர். 1557-ல் விஷயம் வெளியே தெரிந்ததும் 12 துறவிகள் தப்பி ஓடினார்கள். அவர்களில் ஒருவர் கசியோதோரோ தே ரெய்னா. பன்னிரண்டு வருடம் நாடு நாடாக அலைந்து மொழிபெயர்த்து, 1569-ல் பாசல் நகரத்தில் முழு பைபிளையும் ஸ்பானிஷில் அச்சிட்டார். முகப்பில் கரடி படம் இருந்ததால் கரடி பைபிள் என்பார்கள். அதே மடத்தைச் சேர்ந்த சிப்ரியானோ தே வலேரா அதைத் திருத்தி 1602-ல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்டார். இன்றைக்கும் ஸ்பானிஷ் பேசும் புராட்டஸ்டண்டுகள் ரெய்னா-வலேரா என்றுதான் தங்கள் பைபிளைச் சொல்கிறார்கள். ப்ரிம் சொன்ன, கக்கத்தில் வைத்துக்கொள்ளும் பைபிள் இதுதான்.

தப்பாதவர்களின் கதையைத் திரியானாவில் பார்த்தோம். சந்தைக்குக் கீழே சான் ஹோர்ஹே கோட்டையின் அடித்தளம் தோண்டி எடுத்து வைத்திருக்கிறார்கள். கத்தோலிக்கக் கொள்கைக்கு மாறானவர்களைப் பிடித்துத் தண்டித்த விசாரணை மன்றத்தின் சிறை அது. மேலே தக்காளியும் மீனும் விற்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோ சதுக்கத்தில் தீர்ப்பு வாசிப்பார்கள், ஊருக்கு வெளியே எரிப்பார்கள். குட்டி ஹூலியானை 1560 டிசம்பர் 22 அன்று எரித்தார்கள். ரெய்னா கைக்குக் கிடைக்காததால் 1562-ல் அவருடைய உருவபொம்மையை எரித்தார்கள். மகள் பலகைகளை வாசித்துச் சொல்லிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்திவிட்டாள். "போதும்ப்பா, மேல போகலாம்." போனோம்.

மாலையில் ரெலாத்தோர் தெரு. கப்ரேராவின் சபை வழி வந்த கோயில், பழைய சான் பசீலியோ மடத்தின் இடத்தில் இருக்கிறது. 1595-ல் இதே மடத்தில்தான் மக்கரேனா மாதா சங்கம் தொடங்கியது. புனித வாரத்தில் செவில்யாவே திரண்டு கண்ணீர் விட்டு ஊர்வலமாக எடுத்துப் போகும் அந்த மாதாவின் சங்கம். அது பிறந்த இடத்தில் இன்று சீர்திருத்த சபை ஆராதனை நடத்துகிறது. இரண்டு பக்கத்துக்கும் இது சங்கடமாக இருக்கும் என்று நினைத்தேன். தெருவில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. கதவு சாத்தியிருந்தது. வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தோம்.

இரவு, விடுதி அறையில், 'காஸ்தீயோ ஃபுவெர்த்தே எஸ் நுவெஸ்த்ரோ தியோஸ்' என்ற வரியை மகளைப் பலமுறை சொல்லச் சொன்னேன். மார்ட்டின் லூத்தரின் 'பலத்த கோட்டை' பாட்டுக்குக் கப்ரேரா கொடுத்த ஸ்பானிஷ் வடிவம். எழுத்தில் எண்ணினால் ஒன்பது அசை. லூத்தரின் ஜெர்மன் வரியில் எட்டு. அப்படியானால் ராகத்தில் எப்படி உட்காருகிறது? மகள் இயல்பாகச் சொல்லும்போது 'ஃபுவெர்த்தேஸ்' என்று இரண்டு உயிரும் ஒன்றாகிவிடுகின்றன. நம் புணர்ச்சி மாதிரியேதான்! உயிரும் உயிரும் சந்தித்தால் ஒன்று கரைந்துவிடும் என்பதை வைத்து அவர் கணக்கைச் சரிக்கட்டியிருக்கிறார். ராகத்துக்கு அலகிட்டுப் பார்த்து எழுதிய கை.

ஹீபரின் பாட்டில் வேறு வழி. 'சென்யோர் ஒம்னிபொதெந்தே' ஏழு அசை, ஆங்கிலத்தில் அதே இடத்தில் ஐந்துதான். அங்கே நீண்ட ஸ்வரத்தை உடைத்து இரண்டு அசையை ஏற்றுகிறார்கள். தமிழில் 'சர்வ வல்ல நாதா' ஆறு. பாமாலை பாடிப் பழகியவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும்: மேல்நாட்டு ராகத்தின் நீண்ட ஸ்வரம் நம் குறில்மேல் விழுந்து சொல்லையே சிதைத்துவிடும். ஸ்பானிஷில் குறில் நெடில் பிரச்சினை இல்லை, அழுத்தம்தான் பிரச்சினை. அழுத்தம் தவறிய இடத்தில் சொல் வேறு சொல்லாகிவிடும். கப்ரேராவிடம் அப்படித் தவறிய இடம் எதுவும் என் மகள் காதுக்கு அகப்படவில்லை.

ஆறாம் நாள்: மாட்ரிட்

செவில்யாவிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரம். கப்ரேரா மாட்ரிட் வந்தது 1874-ல். அவரை வரவழைத்தது ஒரு மரணம்.

மதேரா தெருவில் இருந்த சபையின் ஆயர் அந்தோனியோ கர்ராஸ்கோ. மத்தமோரோஸின் கூட்டத்தைச் சேர்ந்தவர், நல்ல பேச்சாளர். நியூயார்க்கில் நடந்த சுவிசேஷக் கூட்டமைப்பின் மாநாட்டில் பேசிவிட்டுத் திரும்பும்போது, 1873 நவம்பர் 22 அன்று அட்லாண்டிக் நடுவே அவர் வந்த 'வில் து ஆவ்ர்' கப்பல் இன்னொரு கப்பலோடு மோதி மூழ்கியது. இறந்தவர்கள் 226 பேர். ஹொரேஷியோ ஸ்பாஃபோர்டு என்ற சிகாகோ வக்கீலின் நான்கு மகள்கள் போனதும் அதே கப்பலில். பிள்ளைகளைப் பறிகொடுத்த அவர் எழுதிய பாட்டை நம் பக்கத்திலும் துக்க வீட்டு ஆராதனைகளில் பாடுகிறார்கள். எத்தனையோ முறை நானே பாடியிருக்கிறேன். அந்தக் கப்பலில்தான் கப்ரேராவின் தோழரும் போனார் என்பது இந்தப் பயணத்துக்குத் தயாராகும்போதுதான் தெரிந்தது. மதேரா தெருவில் மேலும் கீழும் நடந்தோம். மதுக்கடைகளும் பழைய துணிக் கடைகளுமாக இருக்கிறது.

கப்ரேரா இங்கே வந்து 'லா லூஸ்' பத்திரிகையைப் பல ஆண்டுகள் நடத்தினார். பெயருக்கு அர்த்தம் 'ஒளி'. ஞாயிறு பிரசங்கம், மற்ற நாளில் பத்திரிகை வேலை, நடுவில் பாட்டு. 1880-ல் சபைகள் கூடி ஸ்பானிய சீர்திருத்த எப்பிஸ்கோப்பல் (பேராயர் தலைமையில் இயங்கும்) சபையை அமைத்து அவரைப் பேராயராகத் தேர்ந்தெடுத்தன. ஆனால் அபிஷேகம் நடந்தது 1894 செப்டம்பர் 23 அன்றுதான். பதினான்கு வருடம் காத்திருந்தார். டப்ளின் பேராயர் பிளங்கெட் பிரபு, அயர்லாந்தின் இன்னும் இரண்டு பேராயர்களோடு வந்து கைவைத்தார். ஸ்பெயினில் மட்டுமல்ல, இங்கிலாந்திலும் கூச்சல் எழுந்தது. இந்தப் பதவி விவகாரங்களில் எனக்கு மனம் அதிகம் போகவில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்: சபைக்கு ஆராதனை முறையைத் தொகுத்தபோது, ஆங்கிலத்திலிருந்து அப்படியே இறக்கிவிடாமல், முஸ்லிம் ஆட்சிக் காலத்து ஸ்பெயின் கிறிஸ்தவர்கள் காத்து வைத்திருந்த மொசராபிய வழிபாட்டு முறையைத் தோண்டியெடுத்தார். தன் சபை அந்நியச் சரக்கு என்று சொன்னவர்களுக்கு அவர் கொடுத்த பதில் அது.

சாயங்காலம் பெனெஃபிசென்ஸியா தெரு 18. ரொமாந்திக அருங்காட்சியகத்துக்குப் பக்கம். செங்கல்லில் கட்டிய கோதிக் முகப்பு, தெருவோடு தெருவாக நெருக்கிக்கொண்டு நிற்கிறது. 1892-ல் கப்ரேரா திறந்த மீட்பர் ஆலயம், இப்போது அந்தச் சபையின் கதீட்ரல்.

இந்தத் தெருவில் நிற்கும்போது 1876 அரசியல் சட்டத்தின் 11-ஆம் பிரிவை நினைக்காமல் முடியாது. 1869 கொடுத்ததை அது பாதி பிடுங்கிக்கொண்டது. யாரையும் அவரவர் நம்பிக்கைக்காகத் தொந்தரவு செய்யக் கூடாது, ஆனால் கத்தோலிக்கத்தைத் தவிர வேறு எந்த மதமும் வெளியே தன்னைக் காட்டிக்கொள்ளக் கூடாது. அதே வருடம் அக்டோபரில் வந்த அரசாணை இன்னும் விளக்கமாகச் சொன்னது: தெருவில் மட்டுமல்ல, கோயிலின் வெளிச்சுவரில் பலகையோ கொடியோ சின்னமோ அறிவிப்போ இருந்தாலும் குற்றம். 1910-ல்தான் பிரதமர் கனலேஹாஸ் காலத்தில் இந்தக் கட்டு தளர்ந்தது. அப்போது கப்ரேராவுக்கு வயது 73.

முப்பத்து நான்கு வருடம்! உள்ளே பாடலாம், வெளியே தெரியக் கூடாது. எங்கள் திருச்சி ஆலயத்தின் பக்கக் கதவுகள் அத்தனையும் சட்டம் வைத்த பலகைக் கதவுகள். எல்லாவற்றையும் திறந்துவிட்டால் கோயில் மண்டபம் மாதிரி ஆகிவிடும், பாட்டு தெருவரை கேட்கும். அப்படிப் பாடி வளர்ந்தவனுக்கு இந்தச் சட்டத்தை நினைத்தாலே மூச்சு முட்டுகிறது. கப்ரேராவின் கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றை ஸ்பானிஷ் நாடுகளில் எல்லோரும் பாடுகிறார்கள். அதன் முதல் சொல் 'சுயெனென்'. ஒலிக்கட்டும் என்று அர்த்தம்.

நாளை திரித்துவ ஞாயிறு. இந்த நாளுக்காகத்தான் மகளின் பரீட்சைத் தேதியைப் பார்த்துப் பார்த்துப் பயணச்சீட்டு எடுத்தது.

ஏழாம் நாள்: மாட்ரிட், திரித்துவ ஞாயிறு

அரை மணி நேரம் முன்பே போய்விட்டோம். கூட்டம் பெரிதில்லை. வயதானவர்கள், தென்னமெரிக்க முகங்கள் நிறைய, இரண்டு ஆப்பிரிக்கக் குடும்பங்கள். வாசலில் பாட்டுப் புத்தகம் கொடுத்த பாட்டி எங்களைப் பார்த்துச் சிரித்து, கைபிடித்துக் கூட்டிப்போய் மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தார்.

ஆர்கன் முதல் நான்கு ஸ்வரத்தை வாசித்ததுமே தெரிந்துவிட்டது. 1861-ல் ஜான் டைக்ஸ் போட்ட மெட்டு, படியேறுகிற மாதிரி ஏறும். எழுந்து நின்றேன். நான் தமிழில் பாடினேன், மகள் ஸ்பானிஷில் பாடினாள். முதல் வரியில் அவர்கள் ஓர் அசையை அதிகமாகத் திணித்துக்கொண்டு போனார்கள், நான் நீட்டிக்கொண்டு நின்றேன். இரண்டாவது வரியில் 'எந்நாளும்' என்று நானும் 'சியெம்ப்ரே' என்று அவர்களும். அதற்கப்புறம் அந்த 'லாபியோ'. நூற்றுக்கு மேற்பட்ட உதடுகள் உதடு என்ற சொல்லைச் சொன்னதைக் கேட்டபோது எனக்குப் பாட்டு நின்றுவிட்டது. மகள் திரும்பிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்து பாடினாள்.

ஆராதனை முடிந்ததும் அந்தப் பாட்டி வந்தார். நீங்கள் என்ன மொழியில் பாடினீர்கள் என்று கேட்டார். மகள் சொன்னாள். பாட்டுப் புத்தகத்தை விரித்து, கீழே இருந்த ஹீபர் என்ற பெயரில் விரல் வைத்து, "இவர் கல்லறை எங்கள் ஊரில், அப்பா பாடி வளர்ந்த கோயிலுக்குள் இருக்கிறது" என்றாள். பாட்டிக்கு அது நம்ப முடியாததாக இருந்தது. இந்தப் பெயரை எழுபது வருடமாகப் பார்க்கிறேன், இங்கிலாந்தில் எங்கோ புதைத்திருப்பார்கள் என்று நினைத்தேன் என்றார். பிறகு தன் விரலைக் கொண்டுவந்து அடுத்த பெயரின் மேல் வைத்து, "இவர் எங்களவர்" என்றார். 1916 மே 18 அன்று இந்த ஊரில்தான் இறந்தார் என்பதையும் அவரே சொன்னார்.

அப்புறம், தமிழில் ஒருமுறை பாடிக் காட்டுங்கள் என்றார். வாசல் கதவு விரியத் திறந்திருந்தது, தெருவில் ஆள் நடமாட்டம் இருந்தது. நான் கூச்சத்தோடு உள்ளே நகரப் பார்த்தேன். பாட்டி என்னை நகரவிடவில்லை, அங்கேயே பாடுங்கள் என்று கையைக் காட்டினார். படியில் நின்று, மகளும் சேர்ந்துகொள்ள, முதல் சரணத்தை முழுதாகப் பாடினோம். நாயைக் கூட்டிக்கொண்டு போன ஒருவர் நின்று கேட்டுவிட்டுப் போனார்.

பாட்டி தன் ஆராதனைச் சீட்டின் பின்பக்கத்தை நீட்டி, முதல் வரியைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதில் உதடு எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். "தமிழில் அந்தச் சொல் இல்லை" என்றாள் மகள். பாட்டி பேனாவை என்னிடமிருந்து வாங்காமல், எழுதுங்கள் என்று சைகை செய்தார். அந்த வரிக்குக் கீழே 'உதடு' என்று தனியாக எழுதிக் கொடுத்தேன். மடித்துப் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

இரவு பன்னிரண்டாகப் போகிறது. மகள் தூங்கிவிட்டாள். காலை ஏழு மணிக்கு வலென்சியா ரயில்.